எலும்பு பார்க்கிறவள்

மாதத்தின் இரண்டாவது வியாழன்.
பீல் நகர ரயில் நிலையத்துக்கு எதிரே
உணவகத்தின் மாடியறை.
உருகிய சீஸ் வாசனை, ஈரக் கோட்டுகள்,
மேசை நடுவே பச்சைக் கம்பளித் துண்டு.
கைப்பேசிகள் கீழே ஒரு கூடையில். அது மன்ற விதி.
கழற்றி வைத்தோம் ஐந்து கடிகாரங்களை.
ஒன்றுக்கும் முகமில்லை.

முதலில் முகத்தட்டை எடுத்துவிடுவார்கள்.
பிறகு பித்தளையை,
தாங்க வேண்டிய இடம் மட்டும் விட்டு
இழைவாளால் அறுத்துக்கொண்டே போவார்கள்.
வெட்ட வெட்ட வெட்டவெளி.
எங்கே நிறுத்துவது?
எங்கள் சண்டைகள் எல்லாம்
அந்த ஒரு கேள்வி போட்ட குட்டிகள்.

ஒதீலுக்கு உள்மூலை வேண்டும்.
இரண்டு சரிவுகள் கூடுமிடம்
கூராக முடிய வேண்டும்.
எந்திரம் வளைந்துதான் திரும்பும்,
கைதான் மூலைவரை போய்த் திரும்பும் என்பாள்.
கண்ணில் உருப்பெருக்கியைச் செருகிக்கொண்டு
பேன் பார்க்கும் நிதானத்தோடு
ஒவ்வொரு மூலையாகப் போவாள்.

பெயாட்டுக்கு அது ஜன்னல் திரை.
"பூவும் கொடியும்! மணி பார்க்கவா, மாட்டி வைக்கவா?"
அவனுடையது கறுப்பு டைட்டானியம்,
சதுரத்துக்குள் ஒரு பெருக்கல் குறி,
கிரேன் ஒன்று மணிக்கட்டில் நிற்கிற மாதிரி.
விலை கேட்டால்
மனைவியிடம் சொன்ன தொகையைத்தான் சொல்வான்.

திமோத்தேயின் துக்கம் வேறு.
அத்தனை நுணுக்கத்துக்கும் அடியில்
தெரிவதென்னவோ சொந்தக் கைமயிர்,
பாயசத்தில் விழுந்தது போல.
இன்று சட்டைக் கையை மடித்துக் காட்டினான்:
மழித்திருந்தான்,
ஒரு வட்டம் மட்டும்.

கோர்தூலா தன்னுடையதற்குச் சாவியே கொடுப்பதில்லை.
ஓடினால் பார்க்க முடியவில்லையாம்.

நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள்.
முழங்கால், முழங்கை, பனியில் வழுக்கிய இடுப்பு.
"மூச்சை இழுங்கள். பிடியுங்கள். அசையாதீர்கள்."
நாள் முழுக்க இதையே சொல்லி
வீட்டுக்கு வந்து இதைக் கையிலெடுத்தால்
இது மூச்சைப் பிடிப்பதில்லை.
உள்ளே காட்டிக்கொண்டே ஓடுகிறது.
காலையில் இறுகிக் கறுத்திருக்கும் சுருள்வில்
இரவுக்குள் வரிவரியாய்த் தளர்ந்திருக்கும்.
வேலைப்பாடு சுமார்தான், ஒதீல் சொல்லிவிட்டாள்.
எனக்கு அந்தத் தளர்ச்சி போதும்.
இதை மன்றத்தில் சொன்னதில்லை.

"மணி எத்தனை?" என்றான் பெயாட்,
கோட்டைத் தேடியபடி.
"பத்தொன்பது" என்றாள் ஒதீல்,
என் கடிகாரத்தின் மாணிக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தவள்.

குனிந்தோம் ஐவரும்.
மஞ்சள் விளக்கு. சக்கரத்தின் பின்னால் சக்கரம்.
முள்ளைத் தேடினால் ஆரக்கால் கிடைத்தது,
ஆரக்காலைத் தள்ளிப் பார்த்தால் அடியில் கம்பளி, பச்சையாக.
பத்தே கால் என்றது ஒரு குரல்.
பதினொன்றுக்கு ஐந்து என்றது ஒன்று.
திமோத்தே ஒரு பாலத்தை நிமிட முள்ளென்று படித்தான்.
கோர்தூலாவுடையதில் மூன்றே கால்,
போன வருடத்து மூன்றே கால்.

ஓடினோம் தெருவைக் கடந்து.
மலையூருக்குப் போகும் கடைசி வண்டியின்
பின்விளக்கு சிவப்பாய்ச் சுருங்கி
பனிக்குள் போனது.

நடைமேடைக் கடிகாரம் நின்றது தலைக்கு மேலே.
வெள்ளைத் தட்டு, கறுப்புக் கோடுகள்,
தூங்கி விழித்தவனும் படிக்கலாம்.
மூடிய டப்பா.
உள்ளே என்ன இருக்கிறதென்று
யாரும் எதற்காகக் கேட்கப் போகிறார்கள்?

கைகளைக் கக்கத்தில் செருகி
அண்ணாந்து நின்றோம் கொஞ்ச நேரம்.
"அந்தத் தட்டை எடுத்துவிட்டால்..." என்றான் திமோத்தே.
"விளிம்பை விடு. நடு அச்சைத் தாங்க
மூன்று கை போதும்" என்றாள் ஒதீல்,
வாயிலிருந்து புகையாய் மூச்சு வர.

"இரண்டு" என்றான் பெயாட்.